எண்ணெய் தேய்த்த நாசில்

படிக்காதவனால் ஊருக்குக் கெடுதல் இல்லை. முழுதாகப் படித்தவனாலும் இல்லை. பாடத்தின் ஐந்து யூனிட்டில் முதல் யூனிட்டை மட்டும் படித்துவிட்டுக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவனைத்தான் பிடித்துக் கட்டிப்போட வேண்டும்.

அந்தப் புண்ணியவான் நான்தான். மெக்கானிக்கல் படிப்பில் மற்றதிலெல்லாம் தேறியும், காற்றும் வாயுவும் பாயும் கணக்கான காஸ் டைனமிக்ஸ் மட்டும் என்னை விடுவதாயில்லை. தென்காசியில் போலீஸாக இருந்த தாய்மாமா கறாராகச் சொல்லியிருந்தார்: "அந்தப் பேப்பர முடி. அப்புறந்தான் செல்விக்கும் ஒனக்கும் பேச்சு." செல்வி அவர் மகள். (காற்றின் மேல் எனக்கு அக்கறை வந்ததற்கு வேறு காரணமே கிடையாது.)

சாரல் பொடிப்பொடியாக உதிர்ந்த ஒரு ஞாயிறு. அருவியில் ஆண்கள் வரிசைக்கு மாமாதான் காவல். பெண்கள் பக்கம் அத்தையும் செல்வியும். என் படிப்பைக் காட்ட இதைவிட்டால் சந்தர்ப்பம் ஏது?

"மாமா, வரிச நவுரவே இல்லயே. வழியக் குறுக்குங்க. பாதை குறுகுனா வேகம் கூடும். குழா மூக்கு மாதிரி. அதான் நாசில்."

"பொஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா. எல்லாரும் எண்ணெ வேற தேச்சிருக்காவ. உராய்வே கிடையாது. வழுக்கிட்டுப் போவாவ, பாருங்க."

மாமா பெருமையோடு தடுப்புக் கம்பியை நெருக்கி வைத்தார். முதலில் சிலர் மீன்போல நழுவிப் போனார்கள். நான் செல்வியைப் பார்த்தேன். அந்த நேரத்தில் இரண்டு தொந்திகள் ஒன்றாக நுழைந்தன. நின்றன.

"ஏலே, பின்னால போ!"

"எங்கன போவ? பின்னால கேரளாவே நெருக்குது!"

அந்தப் பக்கம் அருவி யாருமில்லாமல் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. தொந்தியைப் பிடித்து இழுத்த மாமாவின் கை எண்ணெயில் வழுக்க, அவர் தண்ணீரில் உட்கார்ந்தார். தொப்பி மிதந்து பெண்கள் பக்கம் போனது. செல்விதான் எடுத்தாள். சிரிப்பில் அவளால் நிமிர முடியவில்லை.

"யாருலே இந்த வேலையப் பாத்தது?" என்று கூட்டம் கத்தியது. என்னைக் காட்டி மாமா சொன்னார்: "அவந்தான். ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து இரண்டாம் யூனிட்டைத் திறந்தேன். குறுகிய இடம் ஒரு கட்டத்தில் திணறிவிடுமாம். முன்னால் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் அதற்குமேல் கூடுதலாக ஒன்றும் போகாதாம். (முந்தின நாளே புரட்டியிருக்கலாம்.)

பரீட்சையில் அதே கேள்வி. கண்ணீர் மல்க எழுதினேன்; தேறினேன். மாமாவும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் கல்யாணப் பந்தி வாசலில் எல்லார் முன்னாலும் கத்தினார்: "ரெண்டு கதவையும் தொறந்து போடுங்கலே, மாப்ள வாரான்!"

இன்றும் நான் அடுப்படி வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும். செல்வி சொல்லுவாள்: "ஒதுங்கி நில்லுங்க. பின்னால பிரஷர் ஏறுது."