கேள்வி கேட்ட பெட்டியை அணைத்த வரலாறு

மனித குலம் முதன்முதலாக நெருப்பை மூட்டியபோது குறிப்பெடுக்க ஆள் இல்லை. தேவாரம் வட்டார வாழை வளர்ப்போர் நல்லிணக்கச் சங்கம் கணினிக்குள் இருந்த ஒரு கேள்வியை அணைத்தபோது ஆள் இருந்தது. அந்த ஆள் நான்தான். சங்கத்தின் எழுத்தர். குறிப்பு பதினாறு பக்கம் வந்தது.

சங்கத்துக்குப் புதுக் கணினி வந்த திங்கட்கிழமை அது. பயிர்ச் சேதம் பதியும் இணையதளத்தைத் திறந்து மகிமா பாஸ்வேர்டைத் தட்டினாள். உடனே மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டது. கீழே 'சேமி', 'வேண்டாம்' என இரண்டு பொத்தான்கள். மற்ற ஊர்களில் இதை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் போகிறார்களாம். பொறுப்பில்லாதவர்கள்.

மகிமா எங்கள் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். வயது குறைவு, வேகம் அதிகம். 'வேண்டாம்' பக்கம் கையைக் கொண்டுபோனவளைச் செயலாளர் ஈஸ்வரபாண்டி தடுத்தார்.

"ஏம்மா, அது யாரக் கேக்குது?"

"கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கவுகளக் கேக்குது சார்."

"சங்கத்தக் கேக்குது. சேமின்னு சொன்னா நாளைக்கு எவன் வேணாலும் உள்ள போயிருவான். வேண்டாம்னு சொல்லணும்னா, சங்கத்துக்கு ஒண்ணு வேண்டாம்னு முடிவெடுக்க நீ யாரு, நான் யாரு? கமிட்டி சொல்லணும்."

"இந்தக் கேள்வியே வராம ஆஃப் பண்ணிரலாம் சார். செட்டிங்ஸ்ல ஒரே ஒரு பட்டன்."

"அப்ப அதுக்கும் தீர்மானம் வேணும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. கணினியின் மேல் துண்டு போர்த்தி, 'தீர்மானம் நிலுவையில்' என்று சீட்டு ஒட்டினோம்.

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து அக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய காற்றில் அவருடைய ஒன்றரை ஏக்கர் வாழையும் குலையோடு சாய்ந்திருந்தது. புதன்கிழமை ஐந்து மணிக்குள் பதிந்தால்தான் காப்பீடு. பதியாவிட்டால் ஒரு வருட உழைப்பு உரக்குழிக்குத்தான்.

"எம்பேர மட்டும் பதிஞ்சு விட்டுருங்க தம்பி."

"முதல்ல பெட்டிக்குப் பதில் சொல்லிருவோம்க்கா. அப்புறம் உங்களுக்கு" என்றார் செயலாளர். முறை தவறாத மனிதர்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. 'கடவுச்சொல் சேமிப்புக் கேள்வி ஒழிப்புத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. வடை வந்தது. சுருளியாண்டி என்ற உறுப்பினர் மட்டும் எழுந்து, "அது கேட்டா கேட்டுட்டுப் போகுது. நாங்க கேட்டதுக்கே இங்கன பதில் வரல" என்றார். அதை 'மாண்புக்குக் குறைவு' என்று குறிப்பேட்டில் சேர்க்கவில்லை. புதன் மாலை நாலு மணிக்கு விழா எடுத்து, செயலாளர் திருக்கரத்தால் கேள்வியை அணைப்பது என்று ஒருமனதாக முடிவானது.

புதன் காலையிலேயே ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று. 'பாஸ்வேர்டின் பாதுகாவலரே' என்ற வாசகத்தின் கீழே செயலாளர் போனைக் காதில் வைத்துச் சிரித்தார். பெஞ்சில் மூன்றாவது நாளாக அக்கம்மாள்.

"அணைச்ச அடுத்த நிமிசம் உங்க பேருதான்க்கா" என்று செயலாளர் வாக்குக் கொடுத்தார்.

மத்தியானம் மகிமா சாப்பிடப் போனாள். பின்னாலேயே அக்கம்மாளும் எழுந்து போய்விட்டார். பெஞ்சு காலியாகக் கிடந்தது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது.

விழா சரியாக நாலே காலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, வாழ்த்துரை, சால்வை. நாலு ஐம்பதுக்குச் செயலாளர் பொத்தானை அழுத்தினார். கைதட்டல். போட்டோ சரியாக விழவில்லை என்றார்கள். மறுபடி உயிர்ப்பித்து, மறுபடி அணைத்தார். இரண்டாம் முறை இன்னும் கம்பீரமாக இருந்தது. நன்றியுரையை நான் வாசித்தேன், சுருக்கமாக இருபது நிமிடம்.

பிறகு இணையதளத்தைத் திறந்தோம். பெட்டி வரவில்லை. மாபெரும் வெற்றி. அக்கம்மாளின் பெயரைத் தட்டியதும் 'காலக்கெடு முடிந்தது' என்று வந்தது.

அக்கம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவரோ நிதானமாக வந்து தன் போனை நீட்டினார். அதில் பதிவு எண் இருந்தது.

"நான் மத்தியானமே பதிஞ்சுட்டேன் தம்பி. இந்தப் பிள்ளதான் டீக்கடையில வச்சு என் போன்லயே போட்டுக் குடுத்துச்சு."

"அதெப்படி? சங்கம் வழியாத்தான பதியணும்?" என்றார் செயலாளர்.

"விவசாயிகளே பதிஞ்சுக்கிரலாம்னு போன வருசமே சர்க்குலர் வந்திருக்கு சார்" என்றாள் மகிமா. "மேடைக்கு மேச தூக்கும்போது இன்னைக்குத்தான் ஃபைல்ல பாத்தேன். போர்டுல ஒட்டத் தீர்மானம் வேணும்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கீக."

செயலாளர் சால்வையைச் சரிசெய்தார். அக்கம்மாள் அவரை ஒருமுறை, ஃபிளெக்ஸை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"குறுக்க நின்னு கேள்வி கேட்டதுன்னு அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணிட்டீக. நல்ல காரியம்" என்றவர் மகிமா பக்கம் திரும்பினார். "ஏ ஆத்தா, இந்த ஆபீச ஆஃப் பண்ணவும் அப்படி ஒரு பட்டன் இருக்கா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் கடமை தவறாதவன். பேனாவை எடுத்துப் பதினாறாம் பக்கத்தில் எழுதினேன்: 'உறுப்பினர் கோரிக்கை நியாயமானது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'