பிரேக் இல்லாத வண்டிகளும் கட்டை அண்ணனும்

பாலக்கரையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை நான் கட்டியது. பஞ்சர் ஒட்டிப் பிழைத்த கையால் கட்டியது. திருவானைக்காவலில் மாடி வீடு, அதுவும் நான் கட்டியது. கொத்தனார் பாதியில் ஓடிப்போன பிறகு நானே சாந்துச் சட்டி சுமந்தேன். காட்டூருக்கு அப்பால் வறண்ட ஏரியில் மோட்டார் சைக்கிள் ரேஸ் வட்டம், அதை மேடு தட்டி மண் அடித்ததும் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இது போதாதா? ஆனால் ஓடுகிற ஒன்றை நிறுத்துகிற வித்தை மட்டும் எனக்கு வந்ததில்லை. அது தெரிந்தவர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான். எல்லோரும் அவரைக் கட்டை அண்ணன் என்போம்.

ஸ்ரீரங்கத்தில் தேருக்குக் கட்டை போடுவது அவர் வேலை. சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புவார், நிறுத்துவார். "கட்டேய்!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் வடம் பிடித்திருக்கும் அத்தனை பேரும் வடத்தைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். "இழுங்கப்பா" என்று அவர் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. வக்கீலானாலும் வண்டிக்காரனானாலும் இதே சட்டம். நடக்கப் பழகிய நாளிலிருந்து தேர் பார்த்த ஊர். அந்தக் குரலுக்குக் கை தானாக விட்டுவிடும்.

தேர் வருஷத்துக்குச் சில நாள்தான். மீதி நாளெல்லாம் மனுஷர் சும்மா இருப்பாரா? ஸ்ரீரங்கம் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்.

"யோவ் பெரியவரே, எடுய்யா! டயத்துக்குப் போக வேணாமா?" என்பார் கண்டக்டர்.

"அந்தம்மா இன்னும் கால கீழ வைக்கலீங்க. வச்சதும் எடுக்கிறேன்."

சொந்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை காருக்கே கட்டை போட்டுவிட்டார். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான், கார் உறுமுகிறது, ஒரு அங்குலம் நகரவில்லை. சம்பந்தி கீழே குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, பொண்ண அனுப்ப மனசில்லையா?" என்று கேட்டார். கட்டை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லீங்க" என்றார். கட்டையை எடுக்க அதற்குப் பிறகும் நேரமாயிற்று.

இப்படிப்பட்டவருக்குப் பிடித்துப்போனது பிரேக்கே இல்லாத வண்டிகள் ஓடும் ரேஸ்!

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு ஹவில்தார் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்ன விளையாட்டு அது. பழைய மிலிட்டரி மோட்டார் சைக்கிளில் பிரேக்கைக் கழற்றிவிடுவோம். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு. வளைவில் அந்தக் காலைத் தரையில் ஊன்றி வண்டியைச் சறுக்கவிட்டே ஓட்ட வேண்டும். நிற்க வேண்டுமென்றால் கடைசியில் குவித்திருக்கும் மணலில் போய் விழ வேண்டும். முதல் ரேஸ் பார்த்த கட்டை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுங்களுக்கு நிக்கவே தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"அப்ப நான் வரணும்" என்றார். ஒரு ரேஸ்கூட விடவில்லை. கக்கத்தில் கட்டை, நெற்றியில் நாமம். பையன்கள் கேலி செய்வார்கள். "அண்ணே, கட்டைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தீங்களா?" கேலி பொறுக்காமல் ஒரே ஒரு நாள் கட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் ஒரு வண்டி வட்டத்தைச் சுற்றிய வரப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. மணப்பாறை முறுக்குக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ரேஸுக்குத் தடை வந்தது. கட்டை இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "அன்னிக்கின்னு பாத்து வெறுங்கையோட வந்தேனே தம்பி" என்பார். வருஷக்கணக்கில் அதே பேச்சு. என் வட்டத்தில் ஆடு மேய்ந்தது.

நான் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்தே அனுமதி வாங்கினேன். தாசில்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு ரேஸ். நான் வந்து பாப்பேன். ஒருத்தருக்குச் சிராய்ப்பு பட்டாலும் இதோட சரி."

அந்த நாளை என்னவென்று சொல்ல! ஸ்ரீரங்கத்திலிருந்து லாரி லாரியாக ஜனம். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம். சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம். முறுக்குக்காரர்கூடக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து கூடையோடு வந்துவிட்டார். வாசலில் ரேஸ் கமிட்டிக்காரர்கள் கட்டை அண்ணனை மறித்தார்கள்.

"ஆள் வரலாம். கட்டை வரக் கூடாது. தாசில்தார் பாத்தா என்ன நெனப்பாரு?"

அவர் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "வட்டம் என்னுது. அவர் கட்டையோடதான் வருவாரு. முடியாதுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கத்தி அவரை உள்ளே இழுத்து வந்தேன்.

ரேஸில் எங்கள் பட்டறை ஆரோக்கியம் முதலில் வந்து மணலில் விழுந்து எழுந்தான். அவ்வளவுதான். மாலையும் கையுமாக, சூடத் தட்டும் தேங்காயுமாக ஜனம் அவனை நோக்கிக் குறுக்கே ஓடக் கிளம்பிவிட்டது. தேர் நிலைக்கு வந்ததும் ஓடுவோமே, அதே ஓட்டம். பின்னால் மூன்று வண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது, ஒன்றுக்கும் பிரேக் கிடையாது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. கைகொடுக்கக் கிளம்பிய தாசில்தாருக்கும் இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

அப்போது கட்டை தரையில் அறைந்த சத்தம் கேட்டது.

"கட்டேய்!"

வண்டித் தடத்துக்கு ஓரடி முன்னால் கூட்டம் அப்படியே நின்றது. வீச எடுத்த மாலை கையிலேயே நின்றது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. தாசில்தார் தூக்கிய காலை வைக்காமல் நின்றார். அவரும் தேர் பார்த்து வளர்ந்தவர்தானே. மூன்று வண்டியும் அவர்கள் முகத்தில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போய் மணலில் விழுந்தன. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. கட்டை அண்ணன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். குனிந்து கட்டையை எடுத்தார்.

"ம்... இழுங்கப்பா."

ஜனம் போட்ட கூச்சலில் ஏரியே அதிர்ந்தது. தாசில்தார் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "நடத்துங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியவர் இருக்கணும்" என்றார். முறுக்குக்காரர் வந்து இரண்டு முறுக்கைக் கட்டை அண்ணன் கையில் வைத்தார். அவர் தின்னவில்லை. மடியில் கட்டிக்கொண்டு வெகுநேரம் மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தார். நான்தான் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

கட்டை அண்ணன் இப்போது இல்லை. ரேஸ் திரும்பி வந்த நாளின் நினைவாக ரசிகர்கள் அங்கே ஒரு கல் நடப் போகிறார்களாம். அதில் கட்டை அண்ணன் பெயர் இருக்கிறது, ஆரோக்கியம் பெயர் இருக்கிறது, தாசில்தார் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வட்டம் கட்டியதைப் போட வேண்டாம், அனுமதி வாங்கியதையும் போட வேண்டாம். கட்டை அண்ணனைக் கட்டையோடு உள்ளே விட்டவன் நான். அதை மட்டும் என் பெயரோடு வெட்டியே ஆக வேண்டும், அவர் பெயருக்குக் கீழே.