சாணக்கியருக்குப் பதவி உயர்வு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். அத்தானும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இன்று காலை பல்லைக்கூடத் தேய்க்காமல் நான் முதலில் செய்த காரியம், அறுபது கேள்விகளுக்கு உண்மையான பதில் எழுதியதுதான். போன மாதம் எங்கள் குடிநீர் அலுவலகத்தில், யாருக்கு எந்த வகை ஆளுமை என்று கண்டுபிடிக்கப் பயிற்சி வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு தாள், இரண்டிலும் அதே அறுபது கேள்விகள். ஒன்றில் சரித்திர மனிதர் ஒருவராக நம்மை நினைத்து எழுதிப் பழக வேண்டும். மற்றதில் நாம் நாமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வந்தவர் சாணக்கியர். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். "சபையில் அவமானப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. அவிழ்ந்த குடுமியை முடியமாட்டேன் என்று சபதம் போட்டு, ஓர் அரச வம்சமே சாயும்வரை அவர் காத்திருந்ததாகக் கதை. அத்தனை கோபத்தை ஒரு மனிதர் தனக்குள் எங்கே பூட்டி வைத்திருப்பார்? அரியணைக்கு ஆள் தேடி, வளர்த்து, உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றாராமே, அது எப்படி முடிந்தது? எனக்குப் புல்லரித்துவிட்டது. அறுபதையும் அவராகவே எழுதி முடித்தபோது நேரம் ஆகிவிட்டது. என் தாள் வெறுமையாகப் பைக்குள் போய்விட்டது.

புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் மேலே என் பெயரையும் பணி எண்ணையும் எழுதிவிடுவேன். சாணக்கியர் தலையிலும் எழுதி, அந்தத் தாளையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முடிவு என் பெயரில் வந்தது: "உணர்ச்சியை வெளிக்காட்டாதவர். நீண்ட காலத் திட்டம் உடையவர். எதையும் மறக்காதவர்." ஆறு வருஷமாக ஜன்னலோர நாற்காலியை விடாத எதிர்மேசைக்காரர், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி அவர் பக்கம் பார்த்ததற்கே எழுந்துவிட்டார். "நீங்க உக்காருங்க மேடம். எனக்கு வெயில் ஒத்துக்கல." கூட்டத்தில் நான் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், மேலாளர் பக்கத்தில் வந்து, "உங்க மௌனத்துக்கு அர்த்தம் எனக்கு இப்பத்தான் புரியுது" என்றார். வருகிற திங்கட்கிழமை என்னைப் பிரிவுத் தலைவராகப் போட்டு உத்தரவில் கையெழுத்து போடுகிறார். மூன்று வருஷத்துக்கு முன் இதே பதவிக்கு என்னைத் தாண்டி வேறொருவரைப் போட்டவரும் அவர்தான். அன்றைக்கு "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தினம் வீட்டுச் சாவியத் தேடுற ஆளு நீ. உன்னப் பாத்துப் பயப்படுறாங்களா? நல்ல ஆபீஸ்தான் போ" என்று சிரித்தார். பிறகு, "உண்மையச் சொல்லிடும்மா. தானா வெளிய வந்தா அசிங்கம்" என்றார்.

சரிதானே? திங்கட்கிழமை தாள் மாறிப்போனதைச் சொல்லி, காலையில் எழுதிய என் தாளைக் கொடுத்துவிடப் போகிறேன். நீ "அசடு" என்பாய். என்ன செய்ய, மனசு கேட்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். மாடிப்படி அதிகம் ஏறாதே.

உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன், அலுவலகம் திருப்பித் தந்த சாணக்கியர் தாளையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது பதில்கள் ஒன்றேதான், அந்த அவமானக் கேள்விக்குக்கூட. "பரவாயில்ல சார்" என்ற அன்று என்ன தேதி, மேலாளர் கட்டியிருந்த டை என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, அக்கா. மாறியது ஒன்றுதான்: "எடுத்த முடிவைக் காரியம் முடியும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பீர்களா?" அவர் 'ஆம்'. நான் 'இல்லை'.

அந்த 'இல்லை'யை இப்போதுதான் அடித்துத் திருத்தினேன். திங்கட்கிழமை மேலாளரிடம் எதுவும் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் கேட்டால் சாவியைத் தேடுவதுபோல் நகர்ந்துவிடுவேன். இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பவும் போவதில்லை.