அரசரின் இடுப்புக் கயிறு

நடுக்கடலில் பவழநாடு என்றொரு தீவு இருந்தது. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அரசரும் உண்டு, தேர்தலும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வெயிலில் வரிசைகட்டி அதே அரசரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுநாள் காலையிலிருந்து அவரைத் திட்டத் தொடங்குவார்கள். பெருநீர்க்கோ என்ற அந்த அரசர் நல்ல மனிதர்தான். மீன்குழம்பென்றால் உயிர். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னது சரி என்று அவருக்குத் தோன்றும், அது ஒன்றுதான் குறை.

தீவைச் சுற்றிப் பவழப்பாறை. அதில் முங்கி மீன் குத்தித்தான் ஊர் பிழைத்தது. முங்குகிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஈட்டியோடு இறங்குவான். மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். படகில் இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் முங்குகிறவனின் மச்சானாக, அவன் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கூடப் பிறந்தவன் பங்காளி. சொத்தை நினைத்துக் கை கொஞ்சம் யோசிக்கலாம். மச்சான் கை அசந்தால் போவது அவன் அக்கா தாலியல்லவா?

இப்படி இருக்கையில், கடல்துறை அமைச்சர் கனகவேள் வெளிநாடு போய்க் கண்ணாடித் தொட்டியில் நாலு மீன் கொண்டுவந்தார். கனகவேள் மகாராணியின் தம்பி. மீனுக்குச் சிங்கமீன் என்று பெயர். சிவப்பும் வெள்ளையுமாக வரி, பிடரிபோல் விரிந்த துடுப்பு, முதுகெல்லாம் விஷமுள். தொட்டியிலிருந்த மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன பிறகு, அமைச்சர் பெரிய மனது பண்ணிச் சிங்கமீன்களைக் கடலில் விட்டார். இரண்டே வருஷத்தில் பாறைக்குப் பாறை அதுதான். அது யாரைக் கண்டும் ஓடாது. துடுப்பை விரித்துக்கொண்டு, கழுத்தில் மாலை விழக் காத்திருப்பதுபோல் ஒரே இடத்தில் நிற்கும். எதிரே வரும் குஞ்சுமீனெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும்.

முங்கிப் பிழைக்கும் சங்குமுத்துவும் மற்றவர்களும் அவற்றைக் குத்தி எடுக்கத் தொடங்கினார்கள். அமைச்சர் சபைக்கு ஓடினார்.

"மன்னா! அவை நம்மை நம்பி வந்த விருந்தினர். விருந்தினரை ஈட்டியால் குத்துவதுதான் நம் பண்பாடா?"

பண்பாடு என்றதும் அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. குத்தத் தடை வந்தது. ஆறு மாதத்தில் அரண்மனைக் குழம்பிலேயே வெறும் புளித்தண்ணீர். அரசர் முகம் சுருங்கியதும் சட்டம் திருத்தப்பட்டது: குத்தலாம், ஆனால் பாதுகாப்பு கருதி ஈட்டியின் முனையை மழுக்கிவிட வேண்டும். மழுங்கிய ஈட்டி மீனைத் தள்ளியதே தவிரத் துளைக்கவில்லை. மீனின் முள்தான் கையைத் துளைத்தது. ஊரே விஷம் இறங்கச் சுடுதண்ணீரில் கையை முக்கிக்கொண்டு அமைச்சரின் ஏழு தலைமுறையையும் அன்போடு நினைவுகூர்ந்தது.

புகார்கள் குவிந்தன. அமைச்சர் ஆராய்ந்து பார்த்துக் குற்றம் கயிற்றில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

"மச்சான் என்ற ஒரே தகுதியில் ஒருவர் பொறுப்புக்கு வருவதா? உறவுக்காரனுக்குச் சலுகை காட்டும் இந்தக் கேவலம் இன்றோடு ஒழிக!" என்று அரசரின் மச்சான் முழங்கினார்.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எப்படித்தான் அடக்கினார்களோ! தேர்வு வைத்துக் கயிறு அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். நீச்சல் தெரியுமா என்று மட்டும் தேர்வில் கேட்கவில்லை.

சங்குமுத்துவின் படகுக்குப் பூவராகன் என்ற அலுவலர் குடையோடு வந்து சேர்ந்தார். இத்தனை வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்த மச்சான் கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வள்ளம் ஒன்றில் பின்னாலேயே போனான். சங்குமுத்து இறங்கினான். சிறிது நேரத்தில் கயிறு சுண்டியது.

"ஐயா, அத்தான் சுண்டுதாரு! இழுங்க!"

"விதிப்படி மூன்று சுண்டு வேண்டும். ஒன்றுதான் வந்திருக்கிறது."

"மூணு சுண்டுத அளவுக்கு மூச்சிருந்தா அவரே ஏறி வந்துருவாரய்யா!"

கொம்பையா படகுக்குத் தாவி, அலுவலரைக் குடையோடு ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். முகம் நீலம் பாரித்து, விஷமுள் ஏறிய கை வீங்கி, சங்குமுத்து மேலே வந்தான். நெஞ்சை அழுத்தி அழுத்தித்தான் மூச்சு திரும்பியது. உயிர் பிழைத்தான். கரை வந்ததும், அரசுக் கயிற்றை அனுமதியின்றித் தொட்டதற்காகக் கொம்பையாவைச் சிறையில் போட்டார்கள். கடலில் பிழைத்தவனுக்குக் கரையில் மச்சான் இல்லை. அடுத்த தடவை முங்கினால் திரும்புவானா என்பது பூவராகன் கையில்.

சங்குமுத்துவின் மனைவி பேச்சி நேரே அரண்மனைக்குப் போனாள்.

"ராசா, சட்டம் நல்ல சட்டமாவே இருக்கட்டும். நீங்க ஒரே ஒரு தடவ முங்கிக் காட்டுங்க. எங்க வீட்டு ஆம்பளய நானே பூவராகன் படகுல ஏத்தி விடுதேன்."

தேர்தல் நெருங்கிய நேரம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாகப் பேசியவளும் அவள்தான். அரசர் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் கரை முழுக்கத் தோரணம். அரசர் கோவணத்தோடும் கிரீடத்தோடும் படகேறினார். கிரீடத்தைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. பூவராகன் கயிற்றை எடுத்தார். அரசர் அவரையும் குடையையும் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

கனகவேள் புன்னகையோடு முன்னால் வந்தார். "நானே பிடிக்கிறேன், அத்தான்."

அரசர் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கீழே கருநீலமாக அசையும் தண்ணீரைப் பார்த்தார். பாவம், அந்த மனிதர் ஆட்சிக்கு வந்து முதல்முறையாக யாரையும் கேட்காமல் தாமே யோசித்தது அன்றைக்குத்தான்.

"அந்தக் கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

கொம்பையா வந்தான். "பயப்படாதீக ராசா. லேசாச் சுண்டுனாலே போதும்," என்று முடிச்சை இறுக்கினான். அரசர் முங்கினார். உள்ளே தக்கை போலும், கிரீடம் மிதந்தது. ஐந்தாறு சிங்கமீன்கள் வயிறு புடைக்க அவரைச் சுற்றி நின்றன. தம் சபையில் பார்த்த முகங்களாகத் தோன்றவே பதறிச் சுண்டினார். மறு நொடியில் படகில் கிடந்து இருமினார். கொம்பையா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

கரையில் இறங்கியதும் ஈட்டிச் சட்டமும் கயிற்றுச் சட்டமும் ரத்து என்றார் அரசர். கொம்பையாவுக்கு விடுதலை. ஈட்டிக்குக் கூர் வந்தது. ஊரே ஆரவாரித்தது. கனகவேள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

பேச்சி மட்டும் நகரவில்லை.

"கடல்துறை இனிமே யார்ட்ட ராசா?"

அரசர் தலையைத் துவட்டுவதுபோல் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். "அவரிடம்தான் இருக்கும். மகாராணியின் தம்பி... வீட்டில் சாப்பிட வேண்டும் அம்மா நான்."

"உங்க ஒரு உசுருக்கு நம்பாத கை ராசா அது. அதுலதான எங்க அத்தன பேர் உசுரயும் குடுத்து வச்சிருக்கீக!"

அரசர் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டார்.

அந்த முறை பவழநாட்டில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக் கரையிலேயே நிறுத்தி, ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டுப் பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள்: "இந்தக் கயித்துத் தலைப்ப யார் கையில குடுப்பீக?" அரசர் உட்பட எல்லா வேட்பாளர்களும் தங்கள் ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கொம்பையாவைத் தேடினார்கள்.