பின்பக்க ஏணி உறுதியாக இருப்பது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம், உங்கள் வண்டியும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் நலமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த உங்கள் பயண வேனை எங்கள் வாசலில் நிறுத்தி, "பின்னாடி ஏணி ஆடுது மாமா, பிள்ளைங்க ஏறி விழுந்தா யார் பதில் சொல்றது, அது சரியாகலேன்னா இந்த லீவுக்குப் பயணம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பிள்ளைகளின் முகம் போன போக்கைப் பார்த்து, "தாத்தா பாத்துக்கிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நமக்குப் படிப்பு எட்டாவதோடு சரி, ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரியும். பார்த்தால் ஏணி விழப்போகும் பல் மாதிரி ஆடுகிறது, காரணம் சுண்டுவிரல் நகமளவு திருகுகள், அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு நம் இரும்பு கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய தடித்த போல்ட்டுகளை எடுத்தேன், அவை நுழையவில்லை, ஓட்டைகளைப் பெரிதாக்கினேன், முறுக்கினேன், உள்ளே ஏதோ கட்டை முனகியது, அதற்கும் சேர்த்து ஒரு முறுக்கு. உங்கள் மாமியார் வந்து நின்று, "ஏணி கெட்டியா இருக்கு, சரி. அது எதைப் பிடிச்சிட்டு நிக்குது?" என்றார்.

"சுவத்தை."

"அது சுவரா? பிஸ்கட் டப்பா."

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களைப் பத்தித் தெரியும்."

பேச்சை வளர்க்காமல் ஏறியே காட்டிவிட்டேன். பிள்ளைகள் இருவரையும் சேர்த்தாலும் என் தொப்பைக்கு ஈடாகாது, ஏணி அசையவில்லை. இந்தக் கடிதமே வேனின் கூரையில் உட்கார்ந்து எழுதுவதுதான். தாளையும் பேனாவையும் உங்கள் மாமியார் ஒட்டடைக் கம்பில் கட்டி நீட்டினார், ஏறி வந்து கொடுக்க மாட்டாராம். ஆகவே தைரியமாகக் கிளம்புங்கள். தாத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாயிருக்க வேண்டும்.

உயரத்திலிருந்து ஆசிகளுடன்,
உங்கள் மாமா

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கலாமென்று முதல் படியில் காலை வைத்தேன். ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் போல்ட்டுகளில் ஒன்றுகூடக் கழலவில்லை. பின்சுவர்தான் மொத்தமாகப் பெயர்ந்து ஏணியோடு போய்விட்டது. நான் காலை இழுத்துக்கொண்டு மேலேயே இருக்கிறேன். உங்கள் படுக்கை தெருவுக்குத் தெரிகிறது. கடிதத்தை மாமியாரே எடுத்து வருகிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தால் கண்டுகொள்ள வேண்டாம். பயணம் பற்றிப் பிள்ளைகளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். வரும்போது ஒரு ஏணி கொண்டு வரவும். சாய்த்து வைக்கும் சாதாரண ஏணி போதும். எதில் சாய்ப்பது என்பதை நீங்கள் வந்ததும் பேசிக்கொள்வோம்.