மாடியில் ஒரு தாழ்ப்பாள்

தனக்கென்று ஒரு கதவு. அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும் கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவர் வீட்டில் நிம்மதியாகத் தாழ்ப்பாள் போடக்கூடிய இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் கொஞ்சம் தாமதித்தால் "ஏங்க, உள்ளேயே தூங்கிட்டீங்களா?" என்று குரல் வந்துவிடும்.

ஆகவே மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கொத்தனாரைக் கூப்பிட்டு மொட்டைமாடியில் ஓர் அறையை எழுப்பிவிட்டார். நாலு சுவர், தகரக் கூரை, ஒரு சாய்வு நாற்காலி. நகரசபை அனுமதியா? கேட்டால்தானே இல்லை என்பார்கள்!

திரும்பி வந்த மனைவி மாடியேறிப் பார்த்தாள். தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"மனுஷனுக்கு ஆற அமர உக்கார ஒரு இடம் வேணாமா?"

"ஏன், கீழ உக்காந்தா நாற்காலி கடிக்குதா?"

"நாற்காலி கடிக்கல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிறவருக்குச் சொந்த வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

அன்றிலிருந்து கடையை மூடினால் மாடி. சாப்பிட மட்டும் தரையிறங்குவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி மேலே போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரசபைக் கட்டட இன்ஸ்பெக்டர் அளவு டேப்போடு வந்து நின்றார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம்.

கண்ணாடிக்காரர் அவரை மாடிக்கு அழைத்துப்போனார். எதிர்வீட்டுத் தையல்காரர் முன்பே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த இன்ஸ்பெக்டர் இரும்பு இல்லை, பிரம்பு. வளைவார். அவர் வளைவதற்கு ஒரு காரணத்தை மட்டும் நாம் கையில் வைத்திருக்க வேண்டும்.

"அனுமதி இல்லாம அறை கட்டியிருக்கீங்க. சட்டப்படி இடிக்கணும் சார்."

"அறையா? எங்க சார் அறை? இது துணி காயப்போடுற கொட்டகை!"

"கொட்டகைல எதுக்கு சாய்வு நாற்காலி?"

"துணி காயற வரைக்கும் நின்னுக்கிட்டேவா சார் இருக்க முடியும்?"

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். சுவரைத் தட்டினார். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார்.

"யாரோட வெளிச்சத்தையும் மறைக்கல. கொட்டகைன்னா நாங்களும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கலாம். ஆனா உள்ள துணிதான் இருக்கணும். ஆள் படுத்தா அது அறை. அறைன்னா இடிச்சிடுவேன். தாழ்ப்பாளையும் கழட்டிடுங்க. துணி என்ன எழுந்து ஓடியா போகப்போகுது?"

"ரொம்ப சரி சார்," என்றாள் பின்னாலேயே மாடியேறி வந்திருந்த மனைவி. "எனக்குத் தோள்வலின்னு, இனிமே நானே துவைச்சுக் காயப்போடுறேன்னு சொல்லித்தான் இவரு இதைக் கட்டினாரு."

"அப்படியா! தங்கமான மனுஷன் சார் நீங்க. நான் அப்பப்ப வந்து பாப்பேன்."

நுணலும் தன் வாயால் கெடும். இல்லை என்றால் அறை இடிபடும். ஆமாம் என்றால் முதுகு ஒடியும். கண்ணாடிக்காரர் முதுகைக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு துவைத்தார், துவைத்தார், துவைத்துக்கொண்டே இருந்தார். மழையிலும் துவைத்தார். கொடி காலியாக இருக்கிறதே என்று பயந்து, அழுக்கே இல்லாத திரைச்சீலையைக்கூடத் துவைத்தார். சாயங்காலம் போக்கிடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்தார். மின்விசிறி வேகத்துக்கு ஒரு சண்டை, டி.வி. சத்தத்துக்கு ஒரு சண்டை. சொன்னால் வெட்கம், பொழுது நன்றாகவே போயிற்று.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். கொடி நிறையத் துணியைப் பார்த்து மனம் குளிர்ந்தார். கண்ணாடிக்காரர் மெல்ல அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். புகார் கொடுத்தது அந்தத் தையல்காரர்தானே?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. ஆனா என் சர்வீஸ்ல இப்படி ஒரு புகாரைப் பாத்ததில்ல. 'ஆசையா கட்டினது, இடிச்சிடாதீங்க சார். ஆளை மட்டும் கீழ இறக்கிக் கொடுத்துடுங்க'ன்னு அழாத குறையாக் கேட்டாங்க."

ஈரப் போர்வையைத் தோளில் போட்டபடியே கண்ணாடிக்காரர் தடதடவென்று கீழே இறங்கினார்.

"நீதானா?"

"நானேதான்." அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "பகல் பூரா கடை. வந்தா மாடி. நான் யாரோட சண்டை போடறது, சுவத்தோடயா?"

தன்னோடு சண்டை போட இத்தனை ஆசைப்படும் ஜீவன் இந்த உலகத்தில் வேறு யார்? அவருக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது.

"எனக்கு அந்த அறையே வேணாம்மா. நாளைக்கே இடிச்சுத் தள்ளிடறேன்."

மனைவி பதறிப்போனாள். "நல்லா இடிச்சீங்க! அப்புறம் மத்தியானம் நான் எங்க தூங்கறது?"

"ஆள் படுத்தா இடிச்சிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரே?"

"அதையும் அவர்கிட்டயே கேட்டுட்டேன். துணிக்குக் காவலா ஒரு ஆள் படுத்துக்கலாமாம். அது நீங்களா மட்டும் இருக்கக் கூடாதாம்."