டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன்

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் பரந்தாமனுக்கு,

உன் அக்காள் புருஷன் பக்தவத்சலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா ராணியும் எங்கள் பிள்ளை நிர்மலும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆகையால் எழுதிவிட்டேன். நசரத்பேட்டையில் நீயும் உன் மனைவி ராதிகாவும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் மனசாரத்தான் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, உன் அக்கா பண்ணினால் ராதிகா எடுத்து "அவரு குளிச்சிகினு கீறாரு" என்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து ஒரு மனுஷன் குளித்துக்கொண்டே இருக்க முடியுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். எங்கள் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் ஜெகன், அதுதான் செல்போன் ரிப்பேர் பண்ணும் பையன், நாளைக்குப் பூந்தமல்லிப் பக்கம் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது அத்தனைக்கும் காரணம் நீதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடங்கி வைத்தவன் நீ. நிர்மலுக்கு பவித்ரா என்ற அந்த ஆவடிப் பெண்ணின் ஜாதகம் கொண்டுவந்தது நீ. பொருத்தம் பிரமாதம் என்றாய், பெண்ணும் படித்து வேலை பார்க்கிறாள் என்றாய், எல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, பொண்ணோட தாய்மாமன் பாண்டியன்னு ஒருத்தரு கீறாரு. அவரு சரின்னாதான் அந்த ஊட்டுல எதுவும் நடக்கும். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வந்து ஊட்டை ஒரு நோட்டம் வுட்டுட்டுப் போவாரு. ஆளு பேச மாட்டாரு, நீதான் பேசணும். கொஞ்சம் தூக்கியே பேசு." இப்படிச் சொன்னாயா இல்லையா? நீ போனதிலிருந்து உன் அக்கா தினமும் வெங்காயம் நறுக்கி பஜ்ஜி மாவு கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வர வேண்டியவர் வரவில்லை, பஜ்ஜியை நாங்களே தின்றோம், எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் தோல் பையோடு கேட்டுக்கு வெளியே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், வாயே திறக்கவில்லை. வேறு யாராக இருக்க முடியும்? "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துகினு கீறோம்" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்து வந்தேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் விடவில்லை. கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது உண்மைதான். இன்றைக்கு யார் கழுத்தில்தான் அட்டை தொங்கவில்லை, நிர்மல் சாப்பிட உட்காரும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. பையிலிருந்து அளக்கும் டேப்பை எடுத்தார். அடடா, கட்டில் பீரோ சீர் கொண்டுவருவதற்கு இடம் அளக்கிறார், தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மச்சான், டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான்தான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிங்க சார், அந்த மூலை வரைக்கும் நம்ம இடந்தான்" என்று சொன்னதும் நான்தான்.

நீ தூக்கிப் பேசச் சொன்னாய், தூக்கினேன். படிக்கட்டுக்கு அடியில் பழைய மோட்டாரும் காற்று இறங்கிய சைக்கிளும் கிடக்கிறதே, அந்த இடத்தைக் காட்டி "இது கடை சார், நல்ல வாடகை வருது" என்றேன். ஜெகன் கொடுக்கும் வாடகையை இரண்டு மடங்காக்கிச் சொன்னேன், பின்னால் நின்றிருந்த ஜெகனுக்கே தூக்கிவாரிப் போட்டது. மாடியில் தகரக் கூரை போட்டு நிர்மல் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறானே, அதை "தனி ரூம் சார், சகல வசதியும் கீது, வர்ற மருமவளுக்குன்னே கட்டினது" என்றேன். அவர் ஒவ்வொன்றையும் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டே வந்தார். உன் அக்கா கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள், மனுஷன் கூச்சப்படாமல் இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது மட்டும் வாயைத் திறந்து "இந்த வேலையில இவ்ளோ ஒத்துழைப்பு யாருமே குடுத்தது இல்ல சார்" என்று கும்பிட்டார். சம்பந்தம் முடிந்தது என்று உன் அக்கா பெருமாள் படத்துக்கு விளக்கேற்றினாள், நான் அம்பத்தூரில் கல்யாண மண்டபத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் என் வீட்டுக்கடன் தவணை ஏறி வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, போனில் வந்த தகவலைப் பார்த்து யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் கம்பெனி ஊழியர் வீட்டுக்கடன் சங்கத்தின் சட்டம் உனக்குத் தெரியும். பத்திரம் அவர்களிடம் இருக்கும்வரை வீட்டுவரியைச் சங்கமே கட்டிவிடும், பிறகு அதைத் தவணையில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நாமாக வரி கட்ட மாட்டோம் என்ற நல்லெண்ணம். பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் சங்க ஆபீசுக்குப் போனேன். செயலாளர் ஜானகிராமன் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "வத்சலம், உன் ஊட்டுக்கு வரி திருத்தி வந்துருக்குது. கடை ஒண்ணு, வாடகை போர்ஷன் ஒண்ணு, மாடியில எல்லா வசதியோட ரூம் ஒண்ணு. எப்போ கட்டினே? எங்ககிட்ட சொல்லவே இல்லியே." எவன் சொன்னான் இப்படி என்று நான் கத்தினேன். "ஊட்டுக்காரரே கூட இருந்து டேப் புடிச்சாராம்பா" என்றார். அன்றைக்கு வந்தவர் தாய்மாமன் இல்லை, வீட்டுவரிக்கு அளக்க வந்தவர் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் பதிவு செய்திருக்கிறார்.

மச்சான், இது சிரிக்கிற விஷயம் இல்லை. என் பென்ஷனும் ஜெகனின் வாடகையும் சேர்ந்துதான் தவணைக்குச் சரியாக இருந்தது. நிர்மல் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று உன் அக்காவும் நானும் பிடிவாதமாக இருந்தோம், அது அவன் கல்யாணத்துக்கு. இப்போது ஏறிய தவணைக்கு அதில்தான் கை வைக்க வேண்டும். அவன் ஒன்றும் கேட்கவில்லை, "நான் கட்டிடறேன்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உயிரே போனாலும் சரி, ஏறிய தவணையில் ஒரு பைசா அவன் காசிலிருந்து போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். வரி அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபணை மனு கொடுத்தேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, மறு ஆய்வுக்கு ஆள் வருவார், எந்த நாளும் வரலாம் என்றார்.

எந்த நாளும் வரலாம் என்றால் எல்லா நாளும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? ஹாலில் இரண்டு வாளி வைத்தேன், மேலிருந்து ஒழுகுகிற மாதிரி. சோபாவைப் படுக்கை அறைக்குள் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். கிழிந்த பனியனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன், தேட ரொம்ப நேரம் ஆகவில்லை என்கிறாள் உன் அக்கா. வியாழக்கிழமை ஒருவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், விரலில் மோதிரம், பேச்சே இல்லை. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். "இன்னாங்க இது, ஆபீசருங்க பழம் வாங்கிகினு வருவாங்களா?" என்று உன் அக்கா சமையலறையிலிருந்து வந்து என் காதைக் கடித்தாள். புது அதிகாரி, மரியாதை தெரிந்தவர், நீ பேசாமல் இரு என்று அடக்கினேன்.

இந்த முறை அவரை ஒரு வார்த்தை கேட்க விடாமல் நானே சுற்றிக் காட்டினேன். சுவரில் விரிசல் பாருங்க சார், மழை வந்தா முட்டிக்கால் தண்ணி சார், கீழ குடி இருக்கறவன் வாடகையே தர்றது இல்ல சார் என்றேன். (ஜெகன் மறுபடியும் பின்னால் நின்றிருந்தான்.) மாடிப்படியைப் பார்த்து "மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "மேல மனுஷன் இருக்க முடியாது சார், என் பையன் மட்டும் கீறான்" என்றேன். பையன் என்ன பண்றாரு என்று அடுத்த கேள்வி. சம்பளத்தைச் சொன்னால் வரியை இன்னும் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. "சும்மா கம்ப்யூட்டரைத் தட்டிகினு கீறான் சார், பெரிசா வருமானம் ஒண்ணும் இல்ல, ஊடும் சரியில்ல, அவனும் சரியில்ல" என்றேன். அப்போது பாதிப் படியில் நிர்மல் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், மேலே போய்விட்டான். வந்தவர் பழத்தை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் உன் போன். "மாமா, இன்னா மாமா பண்ணி வெச்ச? பாண்டியன் அண்ணன் போன் பண்ணி என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு! பையன் சரியில்லன்னு பெத்த அப்பனே சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கத்திவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு நீ குளிக்கப் போனவன்தான்.

நிர்மலுக்கு முப்பத்து மூன்று முடியப் போகிறது. இதுவரை வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின, அப்போதெல்லாம் அவன் முகம் மாறியதில்லை. இந்த வரன் வந்த பிறகு சாப்பிடும்போது தானாகச் சிரிப்பதை உன் அக்கா பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். என் வாயால் கெட்டது, மச்சான்.

ஆனால் நான் துவண்டு உட்காருகிறவன் இல்லை. நாளைக் காலை முதல் வேலையாக அந்தத் தகரக் கொட்டகையைப் பிரிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், மாடியில் அறையே இல்லை என்றால் எதற்கு வரி? ஏறிய தவணையைக் கட்டப்போவதில்லை, ஜானகிராமன் என்ன செய்துகொள்கிறாரோ செய்துகொள்ளட்டும். மறு ஆய்வுக்கு உண்மையான அதிகாரி வருகிறவரை வாளிகள் ஹாலிலேயே இருக்கும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆவடிக்குப் போய் பாண்டியன் அவர்களிடம், எங்கள் மாமா சொன்னது அத்தனையும் பொய், பையன் தங்கம், வீடு கல்லுக்கோட்டை என்று எடுத்துச் சொல். வரி அலுவலகத்தின் காதில் மட்டும் அது விழாமல் பார்த்துக்கொள்.

ராதிகாவுக்கு என் அன்பைச் சொல். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், பரீட்சையில் நல்ல மார்க் எடுக்கட்டும். பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளையும், குளித்து முடித்து வெளியே வரும் புத்தியையும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை நாடும்,
பக்தவத்சலம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை, மத்தியானம். இன்று காலை இதை உறையில் போட்டு ஜெகனிடம் கொடுக்கப் போன நேரத்தில் நிர்மல் இறங்கி வந்தான். அவனும் அந்தப் பெண்ணும் ஜாதகம் பார்த்த வாரத்திலிருந்தே போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம், நமக்குத்தான் தெரியாது. நான் அதிகாரி என்று நினைத்து உளறியதை அவன் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். ஆனால் அவள் எடுத்துச் சொல்லியும் தாய்மாமன் ஒப்புக்கொள்ளவில்லை. "வாயால யார் வேணா இன்னா வேணா சொல்லலாம். வரி ரசீதைக் காட்டச் சொல்லு, கவர்மெண்ட்டு அளந்தா கரீட்டா இருக்கும்" என்றாராம். உடனே ஆட்டோ பிடித்துச் சங்கத்துக்கு ஓடினேன். ரசீது ஜானகிராமனிடம் இருந்தது, புதுத் தவணையைக் கட்டினால்தான் கண்ணில் காட்டுவேன் என்றார். கட்டிவிட்டேன். உன் அக்காவின் சீட்டுப் பணத்திலிருந்து கட்டினேன், நிர்மல் காசைத் தொடவில்லை. வரி அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபணை மனுவையும் திரும்ப வாங்கிவிட்டேன். கொட்டகையைப் பிரிக்க வந்த ஆட்களை அங்கேயே ஒழுங்காகச் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டேன். படிக்கட்டுக்கு அடியில் ஷட்டர் போட்டு ஜெகன் நிஜமாகவே கடை வைக்கிறான், வாடகையும் ஏற்றித் தருகிறானாம். ரசீதின் நகல் இத்துடன் இருக்கிறது, நீ குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தலையோடு ஆவடிக்கு எடுத்துக்கொண்டு ஓடு. ஒரே ஒரு குறை, முன்பக்கத்து பால்கனியை அன்றைக்கு அளக்காமல் விட்டுவிட்டார்கள். அதையும் சேர்த்து வரி போடும்படி புது மனு கொடுத்திருக்கிறேன் என்று பாண்டியன் அவர்களிடம் மறக்காமல் சொல்.